தூசிக்கு எட்டுக் கால் இல்லை

இரண்டு கண்களையும் நுண்ணோக்கியில் பதித்தபடியே, மேசையில் யார் நிழல் விழுந்தாலும் "வெளிச்சத்த மறைக்காதீங்க" என்பார். மேலதிகாரியின் நிழலானாலும் அதே வார்த்தைதான்.

எங்கள் பூச்சி ஆய்வகத்தில் அவருக்கு ஈயம்மா என்று பெயர். காட்டுத் தேனீக்களை இனம் பிரிப்பது வேலை. கூட்டம் சேராமல், மரத்தைத் துளைத்துத் தனிக்குடித்தனம் நடத்தும் கருந்தேனீ என்றால் உயிர். அதன் வயிற்றின் முன்பக்கம் ஒரு சின்னப் பை, அதற்குள் உண்ணிகள். "இவங்க வாடகைக்கு இருக்கறவங்க. கூட்டுல பூஞ்சை வராம பாத்துக்கறாங்க" என்பார். பையை ஊசியால் நெம்பித் திறந்து எண்ண ஆரம்பித்தால் சோறு தண்ணீர் கிடையாது. கணவர் தொலைபேசியில் கூப்பிட்டால் "பதினாலு" என்பார். அவரும் பழகிப்போய், "சரி, சாப்பிடு" என்று வைத்துவிடுவார்.

போன வாரம் மேலதிகாரி, பின்னாலிருக்கும் மரக்கொட்டகைக்கு மருந்தடிக்க ஆணை தயாரித்தார். கருந்தேனீக்கள் குடியிருப்பது அதன் உத்தரங்களில்தான். அவற்றின் உண்ணியால் பக்கத்துத் தேன்பெட்டிகளுக்கு நோய் வருமாம். பெட்டியைத் தாக்கும் உண்ணி வேறு, இது வேறு என்று காட்ட, பை திறந்த முப்பது தேனீக்களைக் குண்டூசியில் குத்தி அடுக்கி மாடிக்கு அனுப்பினார் ஈயம்மா. ஐயா பார்வைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று மேலதிகாரியின் உதவியாளர் அத்தனையையும் தூரிகையால் துடைத்துவிட்டார்.

"தூசிதானேம்மா, இதுக்குப் போயி..."

"தூசிக்கு எட்டுக் காலாய்யா இருக்கும்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் ஆய்வகம் என்று பலகை. உள்ளே உண்ணிக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆட்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். ஆதாரத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, 'ஆதாரம் இல்லை' என்று கோப்பிலும் எழுதினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்று காலை மருந்து தெளிப்பவர்கள் வந்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி. கொட்டகையில் அப்போதுதான் செத்து விழுந்திருந்த ஒரு தேனீயைப் பொறுக்கி, பையை நெம்பித் திறந்து, நுண்ணோக்கியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஈயம்மா மாடியேறினார். மேலதிகாரியின் கோப்புகளை முழங்கையால் ஒதுக்கி, அதை மேசை நடுவில் வைத்தார்.

"பாருங்க சார், பெட்டி உண்ணி இப்படியா இருக்கும்?"

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "நகருதேம்மா" என்றார்.

"உசிரு இருந்தா நகராதா?"

அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஈயம்மா ஆணையின் மேல் திறந்து கிடந்த அவருடைய பேனாவை எடுத்து, மூடி போட்டு, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.