கேமராவை மூடிவைத்த வகுப்பு

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு ஈப்போ, சிம்பாங் பூலாய், லூமுட் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் சுற்றியவள் நான். பள்ளிக்கூடத்தை ஏமாற்ற ஆரம்பித்தது அதற்கு முன்பே, ஐந்தாம் ஆண்டு வகுப்பில்.

நோய்த்தொற்றுக் காலம். பள்ளி மூடிக்கிடந்தது, பாடம் கைப்பேசியில் நடந்தது. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்த எங்கள் தோட்டத்தில், தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டுமே லைன் கிடைக்கும். டேட்டா தீர்ந்துவிடும் என்று எல்லாரும் கேமராவை மூடியே வைத்திருப்போம். மூன்று நாள் வராதவர்களின் பெயர் கல்வி இலாகாவுக்குப் போகும் என்று தமிழ் சார் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்றாவது நாளும் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டேன். நினைவு வந்து ஓடிவந்தபோது, மேட்டில் அம்மா கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார். சார் என் பெயரைக் கூப்பிட்டார்.

“வந்துட்டேன் சார்,” என்றார் அம்மா, என் குரலில்.

நான் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன்.

“பக்கம் பதினாலு. வாசி.”

அம்மா மூன்றாம் ஆண்டோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். மடியிலிருந்த என் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத் தட்டுத்தடுமாறி வாசித்தார். யாரோ ஒரு பையன் சிரித்தான்.

“டேய், சிரிப்ப நிறுத்து,” என்று அவனை அதட்டினார் சார். பிறகு என் பெயரைச் சொல்லி, “நீ கேமராவத் தொற,” என்றார்.

“கேமரா ரோசாக் சார். வேல செய்யாது,” என்றார் அம்மா.

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு சார், “பரவால்ல. மொதல்லேருந்து மெதுவா வாசி. நாளைக்குப் பதினஞ்சாம் பக்கம். மொத்தப் பொஸ்தகத்தையும் முடிச்சா கதப் பொஸ்தகம் ஒன்னு தரேன்,” என்றார்.

என் பெயர் தப்பியது. அம்மா திட்டவில்லை. “நாளைக்கும் வேணும்னா ஆத்துக்குப் போலாம்,” என்றார். அதன்பின் தமிழ்ப் பாட நேரத்தில் நான் ஆற்றில், அம்மா வகுப்பில்.

பள்ளி திறந்த நாளில் சார் என்னை மேசைக்கு அழைத்தார். அவர் கையில் மெல்லிய கதைப் புத்தகம்.

“பொஸ்தகத்த முடிச்சாச்சா?”

“முடிச்சிட்டேன் சார்.”

“ஒன்னக் கேக்கல லா. அம்மாவக் கேக்குறேன்.”

பிடிபட்டுவிட்டேன். “அம்மாவுக்கு வாசிக்கவே தெரியாது சார். பிடிக்கவும் பிடிக்காது,” என்றேன், ஒரே மூச்சில்.

சார் புத்தகத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிரம்பை எடுக்கவில்லை. தப்பித்தேன் என்று வீடுவரை ஓடினேன்.

அம்மா வாசலுக்கு வந்து நின்றார். “சார் எதாச்சும் குடுத்தாரா?”

“ஒன்னும் குடுக்கல.”

அப்படியும் அம்மா ஏன் என் பள்ளிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.