இன்னொரு கோட்

கடல் தாண்டி வந்து இறங்கியபோது நம் ஓவியரிடம் ஓவியக் கல்லூரிப் பட்டமும் ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தன. இங்கே சட்டைக்கு மட்டும் மதிப்பிருந்தது. பட்டத்தைப் பார்த்த மேஸ்திரி, ஆளுக்கு பெயின்ட் அடிக்கத் தெரியும் என்று சரியாகவே புரிந்துகொண்டு ரோலரைக் கையில் கொடுத்தார்.

குடித்தனக்காரர்கள் காலி செய்த வீடுகளுக்குச் சாம்பல் நிறம் பூசும் வேலை. எண்ணெய்க் கறை, பிள்ளைக் கிறுக்கல், தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த அழுக்கு, எதுவும் புதிதாக வருபவர் கண்ணில் படக்கூடாது. "தெரிஞ்சா இன்னொரு கோட்" என்பதே மேஸ்திரியின் மொத்த அழகியல்.

பகலில் மூடிய கறைகளை மாலையில், கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்திலிருந்த தன் ஒற்றை அறையில், அரூப ஓவியங்களாக வரைந்தார் ஓவியர். வந்த சொந்தக்காரர்கள், "இன்னும் முடியலையா?" என்று அக்கறையோடு விசாரித்தார்கள். முடியவில்லைதான். அடியில் இருப்பது துளி எட்டிப் பார்த்தாலும் தொழில் புத்தி பொறுக்காது. மேலே ஒரு கோட் ஏறிவிடும். நல்ல படங்களையெல்லாம் தாமே மூடி, விமர்சகர்களுக்கு வேலை வைக்காமல் பார்த்துக்கொண்டார்.

பெயின்ட் நெடியில் நுரையீரல் படுத்தது. அடுத்த குளிர்காலத்தைப் பற்றி மருத்துவர் பேச்செடுக்கவே இல்லை. போவதற்குள் ஒரு படமாவது நாலு பேர் பார்க்கும் சுவரில் ஏற வேண்டும் என்றார் ஓவியர். சலவைக்கடையில் வேலை செய்த மனைவி, வாடிக்கையாக வரும் ஓவியக்கூடத்து அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஒரு சமையலறை மூலைக் கறையிலிருந்து பிறந்த சிவப்புப் படத்தின் முன் அந்த அம்மா வெகுநேரம் நின்றார். படத்தை எடுத்துப்போக வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

மனைவி தூரிகைகளையும் டப்பாக்களையும் சலவைக்கடையில் ஒளித்து வைத்தாள்.

"ஏங்க, கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. படம் முடிஞ்சுபோச்சு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவோடு அவள் உள்ளே வந்தபோது படம் முழுக்கச் சாம்பல் நிறம். கட்டட உரிமையாளர் பாய்லர் அறையில் விட்டுப்போன பெயின்ட் டப்பாவும் பிரஷும் ஓவியருக்குக் கிடைத்திருந்தன. பாய்லர் சூட்டில் நன்றாகக் காய்ந்தும் விட்டது.

"அந்தச் சிவப்பு எங்க சார்?"

"உள்ளேதாம்மா இருக்கு. எங்கயும் போகலை. ஓரத்துல பழசு தெரிஞ்சுது, அதான்."

இன்னொரு நாள் வருகிறேன் என்று அந்த அம்மா மரியாதையாகச் சொன்னார். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மனைவி ஒரு கரண்டியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். ஓரிடத்தில் சிவப்பு தெரிந்தது. இன்னும் அழுத்தினாள். சாம்பலும் சிவப்பும் அதற்கடியில் இருந்த நீலமும் ஒரே தோலாக உரிந்து அவள் மடியில் விழுந்தன.

"விடும்மா, கை நோகும்" என்றார் ஓவியர் இருமலுக்கு நடுவே.

அவள் விடவில்லை.