பூட்டிய வாசிகசாலைக்கு ஒரு சமாதானத் தூது

கண்டி நகரில் எங்கள் வாசிகசாலைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கிய காலத்தை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சினம் மேலிடுகிறது. சரசுவதி பூசை முடிந்ததும் மரியாதையாக வழங்கும் காளாஞ்சித் தட்டு, தலைவரை விட்டு முதலில் செயலாளரிடம் போய்விட்டது. தலைவர் கம்பளையிலிருந்து வந்து புடைவைக்கடை வைத்தவர். அன்றே கதவில் ஒரு பூட்டைப் போட்டார். செயலாளர் யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர். அவர் சும்மா இருப்பாரா? மறுநாளே தம்முடைய பூட்டையும் மாட்டினார்.

உள்ளே என் கொப்பி அகப்பட்டுக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், அந்த அறையின் பத்திரிகைகளைப் படித்தே எழுத்தறிவை வளர்த்தவன். ஆபிரிக்கத் தலைவர் ஒருவர் தம் நாட்டை ஆண்டு, பதவியைத் தாமாகவே துறந்து, பின்னர் அயல்நாட்டுச் சண்டைகளைத் தீர்க்க முதுமையிலும் அலைந்த செய்திகளையெல்லாம் நறுக்கி அக்கொப்பியில் ஒட்டி வந்தேன். பகைவர்களை வெவ்வேறு அறைகளில் இருத்தி, இடையே தாமே நடந்து, ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்ப்பது அவர் முறை. கொப்பியை மீட்க நானும் அவ்வாறே நடக்கத் துணிந்தேன்.

தலைவரான கடை முதலாளி சேலையை மடித்தபடியே சொன்னார்: "அவரு பூட்டக் கழட்டட்டும்ண்ணே. அடுத்த நிமிசம் நான் கழட்டுறேன்."

மேட்டுத் தெருவில் தபால் அதிபர் சொன்னார்: "ஓம், கழட்டுவன். முதல்ல அவர் கழட்டட்டும். நீர் என்ன ஐசே, உலக சமாதானத்துக்கு வெளிக்கிட்டனீரோ?"

பத்து நாள் அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கினேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். பொறுமையிழந்து இறுதியில் ஒரு தவறு செய்தேன். மற்றவர் மனம் நொந்து அழாத குறையாக இருக்கிறார் என்று இருவரிடமும் நானாகவே சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை இருவரும் தத்தம் பூட்டின் திறப்புகளோடு வந்தனர். மற்றவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருவருமே கதவடியில் காத்து நின்றனர்.

"என்னமோ ரொம்ப வருத்தப்பட்டீங்களாமே?" என்றார் முதலாளி.

"நானோ? நீர்தான் அழாத குறை எண்டெல்லோ இவர் சொன்னவர்!"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தனர். அடடா, என்ன ஒற்றுமை! இரண்டு பூட்டுகளும் அக்கணமே கழன்றன. உள்ளே போய் உறுப்பினர் பதிவேட்டை விரித்தனர். பொய்த் தூது உரைத்த குற்றத்திற்காக என் பெயரை நீக்கும் தீர்மானத்தைச் செயலாளர் முன்மொழிய, தலைவர் வழிமொழிந்தார்.

"கொப்பிய எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று தலைவர் அதைச் சன்னல் வழியே நீட்டினார்.

வாசலிலேயே நின்று புரட்டிப் பார்த்தேன். சமாதானம் செய்துவைத்த நாடுகளுக்குள் அப்பெருமகனாரைப் பின்னர் விட்டார்களா, இல்லையா என்பது ஒரு நறுக்கிலும் இல்லை.