பெயர் கேட்டு நின்ற வரிசை

சிஞ்ஞோரா அக்னேசே அந்தச் செய்தியைச் சொன்னபோது அம்பிகை அவருடைய கால்நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என் தங்கை கன்னியாஸ்திரி ஆகி ஐம்பது வருடம் ஆகிறது. மடத்தில் விழா எடுக்கிறார்கள். எனக்கோ கண் தெரியாது. தனியாகப் போனால் பாரிஸ் விமான நிலையத்திலேயே தொலைந்துவிடுவேன். நீ என்னோடு வா.”

தங்கை இருந்தது பாரிஸில் இல்லை. பாரிஸையும் தாண்டி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, கரீபியனில் குவாதலூப் என்ற தீவில். பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் உள்ள தீவு. அம்பிகை நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டுத்தான் நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அளவெட்டியில் பிறந்து, சண்டைக்குத் தப்பிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து ஏழு வருடம். வியா லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோராவின் வீட்டைக் காலையில் திறப்பவளும் பின்னேரம் பூட்டுபவளும் அவள்தான். கணவன் விக்னராஜா மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் மீன் துப்புரவாக்கினான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. பத்து வயதில் கேசிகா என்று ஒரு மகள்.

“கராய்பியோ, மம்மா?” என்று கேசிகா கட்டிலில் ஏறிக் குதித்தாள். “டிவியில காட்டுற கராய்பியோ?”

விக்னராஜா நாட்களை விரலில் எண்ணினான். “ஒன்பது நாள்தானே. சோறும் பருப்பும் எனக்கும் வரும். நீ போட்டு வா.”

1997 மாசி மாதம், பிரெஞ்சு விசா குத்திய இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அம்பிகை புறப்பட்டாள். டிக்கெட் சிஞ்ஞோராவின் செலவு. படுக்கை மடத்தின் விருந்தினர் அறையில். காலையில் பாணும் கோப்பியும், இரவில் சூப்பும் மடத்திலேயே கிடைக்கும். மற்றதெல்லாம் சிஞ்ஞோரா கையில் தந்த நானூறு பிராங்கிற்குள். அதிலும் பாதியைக் கேசிகாவுக்கு ஏதாவது வாங்க என்று ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டாள்.

விழா இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. அதன் பிறகு அக்காவும் தங்கையும் மடத்து மாமரத்தின் கீழ் உட்கார்ந்து, ஐம்பது வருடக் கதையைக் கதைக்கத் தொடங்கினார்கள். “நீ இங்கே நின்று என்ன செய்யப்போகிறாய்? போய் ஊரைப் பார்,” என்று சிஞ்ஞோரா அவளை விரட்டினார்.

ஊரைப் பார்ப்பது எப்படி என்று அம்பிகைக்குத் தெரியவில்லை. கால் போன போக்கில் நடந்து துறைமுகச் சந்தைக்கு வந்தாள். கட்டம் போட்ட துணியால் தலைப்பாகை கட்டிய பெண்கள், மரவள்ளி, இராசவள்ளி, ஈரப்பலாக்காய், புளி என்று குவித்து வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லக்கூடிய சாமான்களாக இருந்தன. ஒரு பெண் மஞ்சள் நிறத் தூளைக் கரண்டியில் அள்ளி, அவளுடைய மூக்கருகே நீட்டினாள்.

“கொலம்போ!”

தன்னுடைய ஊரைத்தான் கேட்கிறாள் என்று அம்பிகை நினைத்தாள். “ஓம், ஓம், கொழும்பாலதான் வந்தனான். ஆனா யாழ்ப்பாணம்.”

அந்தப் பெண் மறுபடியும் கரண்டியை ஆட்டினாள். “கொலம்போ, கொலம்போ!” முகர்ந்து பார்த்தபோது மல்லியும் வெந்தயமும் கடுகும் மஞ்சளும் மூக்கில் ஏறின. கறித்தூள்! இவர்கள் கறித்தூளுக்குக் கொழும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத்தின் மற்ற மூலைக்கு வந்த இடத்தில் இதென்ன கூத்து என்று அவள் தனியே நின்று சிரித்தாள்.

வியாழக்கிழமை துணிந்து ஒரு மினிபஸ்ஸில் ஏறினாள். மலையிலே பெரிய நீர்வீழ்ச்சி ஒன்று இருப்பதாக மடத்துச் சமையற்காரி கையால் காட்டியிருந்தாள். மடியில் ஒரு போத்தல் தண்ணீரும் காலையில் மிச்சம் பிடித்த பாணும். பஸ்ஸுக்குள் காது கிழியும் பாட்டு. வெளியே கரும்பு, பிறகு வாழை. குலைகளுக்கெல்லாம் நீலப் பொலித்தீன் பை மாட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்ட எரிமலை. இப்படியொரு பச்சையை அவள் எங்கேயும் கண்டதில்லை. கண்ணுக்குள் குளிர்ந்தது.

கப்பெஸ்தேர் என்ற ஊருக்குக் கிட்ட, வாழைத் தோட்டத்தின் நடுவே, ஒரு கோபுரம் நின்றது.

முதலில் தன் கண்ணை அவள் நம்பவில்லை. நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிய சிலைகள். அதிலே யானை முகம் ஒன்று.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்திவிட்டாள். தமிழில் கத்தினோம் என்பது பிறகுதான் உறைத்தது. டிரைவருக்குச் சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியது. பஸ் நின்றது.

கோயில் முற்றத்தை ஒரு மனிதர் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கறுத்த மெலிந்த உடம்பு, சுருக்கம் விழுந்த நெற்றி, முன்வழுக்கை. அளவெட்டிச் சந்தியில் கண்டிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கிச் சுகம் விசாரித்திருப்பாள்.

“அண்ணை, இது என்ன கோயில்?”

அவர் விளக்குமாறோடு நிமிர்ந்து, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மெல்லத் தலையாட்டி, அந்தத் தீவின் கிரெயோல் மொழியில் ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஆனால் “மாலியம்மே” என்று அவர் உள்ளே கையைக் காட்டியபோது அம்பிகைக்கு விளங்கிவிட்டது. மாரியம்மன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அவரும் கழற்றினார். அதைப் பார்த்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

உள்ளே அம்மன் வேப்பிலையோடு இருந்தாள். அம்பிகை கும்பிட்டு எழுந்தபோது, அவர் ஓர் அலுமாரியிலிருந்து பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார். பிரெஞ்சு எழுத்தில் வரிவரியாக ஏதோ எழுதியிருந்தது. அதைப் பார்த்து, கண்ணை மூடி, பாடத் தொடங்கினார்.

“மாலித்தாயே வாலுமம்மா... மலே கொண்டு வாலுமம்மா...”

அம்பிகைக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கொச்சையாக, தேய்ந்து, பல்லுப்போன வாயால் சொல்வதுபோல, ஆனாலும் தமிழ். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, கொப்பியில் விரலை வைத்து, கண்ணால் கேட்டார். இதற்கு என்ன அர்த்தம்?

அவருக்குத் தெரியாது! அவருடைய தகப்பனுக்கும் தெரிந்திருக்காது. அர்த்தம் தெரியாமலே இந்த வாய்கள் அதைச் சுமந்து வந்திருக்கின்றன.

பலெர்மோவில் படித்த இத்தாலிய மொழிதான் அவளுக்குக் கைகொடுத்தது. “தாயே, மாத்ரே. வாரும், வியெனி,” என்று கையை வளைத்துக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“மேர்?” என்றார் அவர் பிரெஞ்சில். “வியேன், மேர்?”

“ஓம்! ஓம்!”

அவர் கொப்பியை மூடிப் படியில் குந்திவிட்டார். எத்தனை ஆயிரம் தரம் பாடியிருப்பார். யாரைக் கூப்பிடுகிறோம், என்னவென்று கூப்பிடுகிறோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அம்பிகை பக்கத்தில் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த பாணைப் பிய்த்து அவரிடம் பாதியை நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். விரசமி என்று தானே வாசித்தார்.

“வீரசாமி,” என்றாள் அம்பிகை.

“வீர... சா... மி.” அவர் வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தார். “வீரசாமி!”

அன்று அவள் நீர்வீழ்ச்சிக்குப் போகவில்லை. மலையில் மேகம் விலகிய நேரம் வீரசாமி அவளை முற்றத்துக்குக் கூப்பிட்டு விரலை நீட்டினார். எட்டத்தில், பச்சைக்கு நடுவே, யாரோ சுண்ணாம்பால் இழுத்த கோடுபோல ஒரு வெள்ளைத் தண்ணீர் அசையாமல் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

மடத்தில் சூப்புக் குடித்தபடி அவள் நடந்ததைச் சொன்னாள். சிஞ்ஞோராவின் தங்கை, சுவோர் க்ளெமென்தீனா, கரண்டியை வைத்துவிட்டு விளக்கினார். அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லாமல், புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சனத்தை ஏற்றி வந்தார்களாம். ஐந்து வருடத்தில் திரும்பலாம் என்றுதான் ஒப்பந்தம். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. தொடங்கி நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

“பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேச வைத்தார்கள். நாங்களும்தான் வைத்தோம்,” என்றார் சுவோர் க்ளெமென்தீனா.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை. அம்பிகை போனபோது முற்றம் நிறையச் சனம். வெறுந்தோளில் மத்தளம் மாட்டியவர்கள், சேலையை ஒரு புதுவிதமாகச் சுற்றிய பெண்கள். கடா வெட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தளம் முழங்கியபோது திரும்பிப் பார்த்தாள். வாழையிலையில் சோறும் கறியும் வைத்துக் கையைக் கழுவச் சொன்னார்கள். கறியில் உறைப்பு இல்லை, ஆனால் முதல் வாயிலேயே அவளுக்கு அது அந்நியமாகப் படவில்லை.

சாப்பாடு முடிந்தது. வீரசாமி யாரோ ஒரு கிழவியைக் கூட்டி வந்து, அவளுடைய அட்டையை அம்பிகையிடம் நீட்டினார். குடும்பப் பெயர் நகப்பின் என்றிருந்தது.

“நாகப்பன்,” என்றாள் அம்பிகை.

கிழவி மூன்று தரம் சொல்லிப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்தார். ரமசமி. “ராமசாமி.” அவருக்குப் பின்னால் வேறொருவர். கொவின்தென். “கோவிந்தன்.” நிமிர்ந்து பார்த்தபோது வரிசை கோயில் வாசலைத் தாண்டி வாழைத் தோட்டம் வரைக்கும் நீண்டிருந்தது. வாழைக்குலை சுமப்பவர்கள், தபால்காரர், தாதி உடுப்போடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்த தாய். எல்லாருடைய கையிலும் ஓர் அட்டை. தங்கள் பெயரைத் தாங்களே கேட்க வந்து நிற்கிறார்கள்.

பலெர்மோவில் எத்தனை வரிசையில் அம்பிகை நின்றிருக்கிறாள். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக விடியமுன் போய் நின்றால், அழைப்பவன் அவளுடைய பெயரைக் கடித்துத் துப்புவான். இங்கே அவள் முன்னால் ஒரு வரிசை. அவள் ஒவ்வொரு பெயரையும் அவசரப்படாமல், முழுதாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோலச் சொன்னாள். “சின்னத்தம்பி” வந்தபோது, “எங்கடை ஊரில நாலு சின்னத்தம்பிமாரை எனக்குத் தெரியும்,” என்று அவருக்கு விளங்காத தமிழிலேயே சொன்னாள். அவர் தலையாட்டினார். ஒரு கிழவருடைய பெயர் மட்டும் எத்தனை தரம் கேட்டும் பிடிபடவில்லை. பொய் சொல்ல மனம் வராமல் கையை விரித்தாள். அவர் அவளுடைய தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கடைசியில் வீரசாமி கொப்பியையும் பேனையையும் தந்தார். பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரவேண்டும்.

முதல் வரியைச் சுலபமாக எழுதினாள். இரண்டாவதில் பேனை நின்றுவிட்டது. மலே. மலையா, மழையா? மழையாகத்தான் இருக்கவேண்டும். மாரித்தாயிடம் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனாலும் கேட்டுப் பார்த்தாள். “மொந்தாஞ்ஞா?” என்று எரிமலையைக் காட்டினாள். “பியோஜ்ஜா?” என்று அப்போது தூறத் தொடங்கிய மழையைக் காட்டினாள்.

வீரசாமி மலையுச்சியில் விரலை வைத்து, அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்து, தன் காலடியில் நிறுத்தினார். அங்கிருந்துதானே இது வருகிறது, இரண்டும் ஒன்றுதானே என்பதுபோலப் பார்த்தார்.

திருத்த எனக்கு என்ன உரிமை என்று அம்பிகைக்குத் தோன்றியது. இந்த மலைக்குக் கீழே நின்று, இந்த மழையில் நனைந்து பாடியவர்கள் அவர்கள். அவர்கள் வாயில் வந்தபடியே ‘மலை கொண்டு’ என்று எழுதினாள். விளங்காத சொற்களையும் ஒலி பிசகாமல் எழுதினாள். எழுதி முடித்தபோது கொப்பி ஈரமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை புறப்பாடு. கேசிகாவுக்குக் கட்டம் போட்ட துணியில் ஒரு சட்டையும், விக்னராஜாவுக்கு ஒரு பொதி கொலம்போத் தூளும் வாங்கியும் கைக்குட்டையில் மிச்சம் இருந்தது. விமானம் எழும்பியபோது சிஞ்ஞோரா கேட்டார்: “எட்டத்தில் பார்த்த நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது?”

“கோடுபோல இருந்தது, சிஞ்ஞோரா,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பலெர்மோவில் விக்னராஜா கொலம்போப் பொதியைப் பிரித்து முகர்ந்தபடி கதையைக் கேட்டான். பிறகு, “நாகப்பன் எண்டு சொல்லேக்கை அந்த மனுசி சிரிச்சது எண்டியே, அதைத் திருப்பிச் சொல்லு,” என்றான். அவள் திருப்பிச் சொன்னாள்.

அந்த வருடம் நவராத்திரிக்கு, தமிழர் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் பெண்கள் முறைவைத்துப் பாடினார்கள். வழக்கமாகச் சுண்டல் அவிக்கும் அம்பிகை அன்று எழும்பி முன்னுக்கு வந்தாள். “மாரித்தாயே வாருமம்மா, மலை கொண்டு வாருமம்மா...”

முன்வரிசையிலிருந்த ஞானாம்பிகை அக்கா மெல்லக் குனிந்து, “மழையெல்லோ பிள்ளை?” என்றாள்.

அம்பிகை அவளைப் பார்த்துச் சிரித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு அதே வரியை, இன்னும் கொஞ்சம் உரத்து, மலை என்றே பாடினாள்.