திரௌபதி அக்காவின் அவல் பை

என் ஓரகத்தி திரௌபதி அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை போட்டு, புருஷன் போன பிறகும் பிள்ளை வளவனைப் படிக்க வைத்தவள். பௌர்ணமி என்றால் மாவு தீரும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள். "நீ சாப்ட்டியாக்கா?" என்று கேட்டால், "எனக்கு என்னா அவசரம்?" என்பாள். எரிச்சலாக வரும்.

அந்த வளவன் அந்தமானுக்கு வேலைக்குப் போன இடத்தில், மீன் விற்கும் தெலுங்குக்காரர் வீட்டுப் பெண் சிந்துஜாவைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டான். இரண்டு வருஷம் அக்கா அவன் கடிதங்களுக்குப் பதிலே போடவில்லை. 2001-ல் எங்கள் இரண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் அனுப்பினான்.

"வரேன். ஆனா அவ வூட்ல கை நனைக்க மாட்டேன்," என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். ஒப்பாத சம்பந்தத்தில் ஒரு வாய் சாப்பிட்டாலும் உறவை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். சாப்பிடாமல் திரும்பினால் மகனையே தலைமுழுகியதாக அர்த்தம். அவல், பொரிவிளங்கா உருண்டை, முறுக்கு என்று ஒரு பை நிறைய அடைத்துக்கொண்டு கப்பல் ஏறினாள் மகராசி.

போர்ட் பிளேரில் முதல் இரண்டு நாளும் சிந்துஜா வேளாவேளைக்கு அக்காவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். அக்கா வாசலில் உட்கார்ந்து அவலைத் தின்றாள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் காலித் தட்டை எடுத்து வைத்தாள். வளவனுக்குச் சோறே இறங்கவில்லை. நானோ அவனுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். அப்படி ஒரு கைப்பக்குவம்!

மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் பச்சைக் கண்ணாடி வளையல் நிறத்தில் கிடந்தது. "நம்ம மலை எந்தப் பக்கம்டா?" என்று கேட்டு, மகன் காட்டிய பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அக்கா இறங்கினாள். பையைக் குளத்துப் படியில் வைப்பது மாதிரி, நாலடி தள்ளி மணலில் வைத்தாள். குளம் இருந்த இடத்தில் இருக்கும். கடல் ஏறி வரும் என்று நாங்கள் கண்டோமா?

முதல் அலை மோதியதும், "ஐயோ, அண்ணாமலையாரே!" என்று அலறினாள். சிந்துஜா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலைக்கு அக்கா சிரித்தாள். ஐம்பத்திரண்டு வயசில், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. பிடித்த கையை உதறவும் இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் பைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. கத்தியிருக்கலாம். தேங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பை சாய்ந்தது. அவலும் முறுக்கும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயின.

கரையேறிய அக்கா பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். தென்னை நிழலில் சிந்துஜா கேரியரைத் திறந்தாள். சோறு, மாங்காய் போட்ட மீன் குழம்பு, வறுத்த வஞ்சிரம். எப்போதும்போல நாலு தட்டு வைத்தாள்.

"முள்ளு எடுத்துத் தரட்டுமா அத்தே?"

வளவன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். இன்னொரு வாய். கண் கலங்கிவிட்டது.

"காரம் ஜாஸ்தியா அத்தே?"

"இல்லம்மா. எனக்கு ஒருத்தர் பரிமாறி எத்தினி வருஷமாச்சு! இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

வளவன் எழுந்துபோய்க் கடலில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். உப்புத் தண்ணீரில் யாராவது முகம் கழுவுவார்களா, பைத்தியக்காரன்! அந்தக் கடல் நல்லா இருக்கணும் என்று இன்றைக்கும் நான் கும்பிடுகிறேன்.

மீதி எட்டு நாளும் நண்டு, இறால், இளநீர் என்று மருமகள் போடப் போட அக்கா சாப்பிட்டாள். திரும்பும் கப்பலில் எனக்கு மனசு உறுத்தியது.

"அக்கா, அன்னிக்குப் பை நனையறத நான் பாத்தேன். வேணும்னுதான் சொல்லல."

சிந்துஜா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அக்கா பிரித்து, முதல் கவளத்தை என் கையில் வைத்தாள்.

"நானும்தான் பாத்தேன். சாப்புடு, ராணி."