நான் சம்மதித்த நேரம்

அக்காவுக்கு வலி கண்ட காலையில் நான் அத்தானின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. நாடு சுதந்திரம் வாங்கவிருந்த வருடம். மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் எங்கள் பலகை வீட்டுக்கு முன்னால் போகிற சாலையில் காகிதக் கொடிகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தானுக்கு டவுனில் ஒரு கந்தோரில் கிராணி வேலை, கணக்கு எழுதுவார். உஜோங் பாசிரில் வாடகை வீடு. வேலை முடிந்ததும் சைக்கிளில் நேராக இங்கே வருவார், சாப்பிடுவார், அக்காவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அவருடைய துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது என் வேலை.

எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பத்திரிகையைப் படித்துக்கொண்டே, "நாடு நம்ம கைக்கு வரப்போகுதே, நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதுவரை யாரும் என்னிடம் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டதில்லை. நான் ஏதோ உளறினேன். அவர் பத்திரிகையைத் தாழ்த்தி, நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். மறுநாளிலிருந்து சைக்கிள் மணிச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வருவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பிறர் துணையை விரும்பாதே என்ற ஒன்பதாம் கற்பனை எனக்குத் தெரியாததல்ல. ஞானோபதேச வகுப்பில், கெட்ட எண்ணம் வருவது பாவமில்லை, அதை வரவேற்று உட்கார வைப்பதுதான் பாவம் என்று படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் தைரியமாக நன்மை அப்பம் வாங்கினேன். எண்ணம் வாசல் வரைக்கும் வந்துபோகிறது, நான் உள்ளே கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவைப் பெச்சா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் மிஸ்ஸிகள் ஓடினார்கள். டாக்டர் வந்தார். யாருடைய இரத்தத்தையோ ஏற்றினார்கள். மத்தியானம் எங்களை உள்ளே விட்டபோது அவள் இரும்புக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை.

செங் என்ற ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். அம்மாவுக்கு மூத்தவள், எதையும் முன்கூட்டியே யோசித்துவைக்கிறவள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பெரியம்மா அம்மாவின் காதருகே குனிந்தாள். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"மாதா காப்பாத்துவா. இருந்தாலும் ஏதாச்சும் ஆயிட்டா இந்தப் பச்சைப்புள்ளைய யாரு பார்ப்பா? வெளியில தேட வேணாம். சின்னவ இருக்கால்ல. சாமியார்கிட்ட சொன்னா மச்சினியைக் கட்டிக்க மேலே எழுதி அனுமதி வாங்கித் தருவாரு."

"வாயை மூடுங்கக்கா" என்றாள் அம்மா.

அம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் உஜோங் பாசிருக்குப் போய்விட்டேன். அந்த வீட்டின் சமையலறையில் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த குழந்தை என்னை அம்மா என்று கூப்பிட்டது. எவ்வளவு நேரம்? ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் இருக்கும். அந்த நேரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அக்காவின் கையைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே விரல்கள் வெளுத்துக் கிடந்தன. குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் அத்தான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ செபம் பண்ணும்மா. உன் செபத்தைக் கடவுள் கேப்பாரு" என்றார்.

என்னால் செபம் பண்ண முடியவில்லை. நான் கேட்டது எதுவென்று கடவுளுக்குத் தெரியும், அதையே கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா செத்தால் கொன்றது நான்தான். இப்போது நானே செத்தாலோ, சாவான பாவத்தோடு நேராக நரகத்துக்குப் போவேன். வீட்டிலிருந்த அப்பாவுக்கு மூச்சிரைப்பு. அவருக்குக் கஞ்சி வைக்க என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் சாலையை விட்டு இறங்கிக் கால்வாய் ஓரமாகவே நடந்தேன். வெயில் கொளுத்தியது.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி மாதரசி இருந்தாள், பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் மாரியம்மனுக்கு வெள்ளி தவறாமல் விளக்கேற்றுவாள். வேலிக்கு வந்து மலாயில் அக்காவைப் பற்றிக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாங்ஙான் தாகோட்" என்று தோளைத் தட்டினாள். பயப்படாதே என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. என் அக்காவுக்காக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவள் நான் அடுப்படியில் கஞ்சி பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று செய்தி வந்தது. பயம் குறையவில்லை. அவள் பிழைத்ததில் என் கை எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர்கள் குறையக் குறைய என் கால் பின்னால் போனது. இரண்டு பேரை எனக்கு முன்னால் விட்டேன். கடைசியில் சாமியாருக்கும் எனக்கும் நடுவிலிருந்த கம்பி வலைக்கு முன்னால் முழந்தாளிட்டேன். சாமியார் இளவயதுக்காரர், இந்தியாவிலிருந்து வந்து இரண்டு வருடம் இருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். குரல் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் போயிற்றா என்றுகூடத் தெரியவில்லை.

"அந்த எண்ணம் தானாக வந்ததா?" என்று கேட்டார்.

"பெரியம்மா சொன்னதும் வந்துச்சு சாமி."

"வந்ததும் தள்ளினாயா?"

"இல்ல சாமி."

"சம்மதித்தாயா?"

"சந்தோஷமா இருந்துச்சு சாமி."

"உன் அக்கா சாக வேண்டும் என்று விரும்பினாயா?"

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். "அவ சாகணும்னு நினைக்கல சாமி. அவ செத்தப்புறம் வர்றதை விரும்பினேன்."

அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "உன்னை ஒருவர் மதித்துப் பேச வேண்டும், உனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அது பாவமில்லை, மகளே. அக்காவை மனத்தால் அப்புறப்படுத்திவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தாயே, அங்கே பாவமாயிற்று." செபமாலை சொல்லச் சொன்னார். அக்கா வீட்டில் போய்த் தங்காதே என்றும் சொன்னார். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைப் பாதியில் மறந்துவிட்டேன், அவரே எடுத்துக்கொடுத்தார்.

மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே வந்ததும், முழுவதையும் சரியாகச் சொன்னேனா, சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று ஆரம்பித்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். "இதையே திரும்பத் திரும்பக் கொண்டுவராதே" என்று கடிந்துகொண்டார்.

மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அத்தான் வரும் நேரமெல்லாம் நான் பின்கட்டில் துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். ஞானஸ்நானம் முடிந்ததும் அக்கா உஜோங் பாசிருக்குத் திரும்புவது என்றும், மூன்று மாதம் நான் கூடப் போய் இருப்பது என்றும் அம்மா முடிவு செய்தாள்.

"நான் போகல" என்றேன்.

"ஏன்டி?"

"போகலம்மா."

"உடம்பு முடியாம கிடக்கிறவளுக்கு ஒரு வாய் சோறு ஆக்கிப்போட உனக்குக் கசக்குதா?" அம்மா கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததில்லை.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அம்மா, அவளை உள்ள அனுப்பு. கதவைச் சாத்து."

பாயில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் தூங்கல" என்றாள். "பெரியம்மா பேசினது கேட்டுச்சு. கண்ணைத் திறக்கத் தெம்பில்ல. கொஞ்சமா திறந்து பார்த்தேன். நீதான் எதிர்ல நின்ன. உன் மூஞ்சியைப் பார்த்தேன்."

நரகத்தைப் பற்றிக் கேட்டிருந்த எதுவும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது.

"அக்கா, நான்..."

"சொல்லாத. சொன்னா நான் கேக்கணும்." குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். "அதுவரைக்கும் போயிடலாம் போலத்தான் இருந்துச்சு. வலி இல்ல, பயம் இல்ல. உன்னைப் பார்த்ததும் கோபம் வந்துச்சு பாரு. நான் போனா இவ என் தட்டுல சோறு திங்கப் போறா, விடமாட்டேன்னு பல்லைக் கடிச்சேன். கடவுளை நினைக்கல. பெத்த பிள்ளைய நினைக்கல. உன்னைத்தான் நினைச்சேன். நீ செத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டேன்."

அவள் கண்ணில் நீர் இல்லை. எனக்குத்தான் கொட்டியது.

"சாமியார் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நன்மை கொண்டு வந்தாரு. அப்போ பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை அவள். சனிக்கிழமை நான். கம்பி வலைக்குப் பின்னால் சாமியார் ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டையும் கேட்டவர் ஒன்றை இன்னொருத்தியிடம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"நீ எங்கூட வர வேணாம்" என்றாள் அக்கா. "பெரியம்மா வரட்டும். அவங்கதானே யோசிக்கிறவங்க. ஆனா இவளுக்கு ஞானத்தாயா நீதான் நிக்கணும்."

"என்னாலே முடியாதுக்கா."

"முடியணும். எல்லார் முன்னாலயும் இவளைத் தூக்கிக்கிட்டு நீ பதில் சொல்லணும். நான் பார்க்கணும்."

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். உடம்பு முடியாவிட்டாலும் அக்கா வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் அவள் பின்னால் நின்றார், ஒன்றும் அறியாத சந்தோஷத்தோடு. பிள்ளைக்குப் பதிலாக நான் சொல்ல வேண்டும். பிசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். அதன் செயல்களை? விட்டுவிடுகிறேன். அதன் ஆரவாரங்களை? குரல் வரவில்லை. பொய் சொல்கிறேனோ, பொய் சொன்னால் அது இந்தப் பிள்ளையின் தலையில் விழுமோ என்று பயந்தேன். சாமியார் மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு என்பதுபோல ஒருமுறை தலையை அசைத்தாள். சொன்னேன். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதது.

அடுத்த வருடம் சிரம்பானில் மிஸ்ஸி வேலைக்குப் படிக்கப் போனேன். இருபத்தாறு வயதில் அங்கேயே கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பத்திரிகை படிக்க மாட்டார். மலாக்காவுக்குப் பெருநாளுக்குப் பெருநாள் போவோம். அக்கா கோழிக்கறி ஆக்குவாள், என் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வாள், பேருந்து வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்று அறைக்குள் பேசியதை இருவரும் மறுபடி பேசியதில்லை.

ஆனால் அத்தான் உயிரோடிருந்த முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னையும் அவரையும் ஓர் அறையில் தனியாக விட்டதில்லை. அடுப்பில் எது கருகினாலும் சரி, என்னையும் கூட்டிக்கொண்டுதான் எழுவாள். எனக்கு அது அவமானமாக இருந்ததில்லை. அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நான் உடனே எழுந்து போவேன்.