அக்காவின் படத்துக்குக் கீழே

அக்கா மறைந்து ஓராண்டு முடிந்து அவரை நினைக்கக் கூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தெளிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நினைவு மலரில் அக்காவின் படத்துக்குக் கீழே போட அச்சகத்தார் ஒரு பட்டம் கேட்டார்கள். 'சமூகத் தலைவி' என்று போடலாமே என்று யோசனையும் சொன்னார்கள். அங்கேயே குழம்பிவிட்டேன். அக்கா தலைவியா இல்லையா என்று கூடப்பிறந்த எனக்கே தெரியவில்லை.

தெரணியகலைக்கு மேலே ஒரு இறப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே எங்களை விட்டுப் போனார். அம்மா இறப்பர் மரங்களில் பால் வெட்டி எங்களை வளர்த்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அக்கா கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனார். அவர் குடியிருந்த சந்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாய்க்காரர் எல்லாரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தார்கள். மழை பெய்தால் சாக்கடைக் கான் தண்ணீர் எல்லார் வீட்டுக்குள்ளும் பாரபட்சம் இல்லாமல் வரும். அதைச் சீர்செய்யச் சொல்லி மாநகர சபைக்குப் போய்வருவதாக அக்கா சொல்வார். அங்கிருந்துதான் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத் தலைமைத்துவ வகுப்புக்குப் போய்ப் படித்தார்.

அம்மா அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் தலைவர் என்றால் கதிரையில் உட்காருவார். மற்றவர்கள் நின்று குறையைச் சொல்வார்கள். அவர் போய்த் தோட்டத்துத் துரையிடம் பேசுவார். ஆகவே திருவிழாவுக்கு அக்கா வந்தபோது, லயத்து வாசலில் கதிரை போட்டு மாலையோடு காத்திருந்தோம். குழாய்த் தண்ணீர் கேட்பதாக ஏற்பாடு.

அக்கா மாலையைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டுக் கீழே பாயில் உட்கார்ந்தார்.

"தண்ணிக்கு ரொம்ப கஷ்டப்படுறது யாரு? அவங்க கதிரையில உக்காந்து சொல்லுங்க" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. "ஏம்மா, நீ உக்காந்து கேளு. அதுக்குத்தானே படிச்ச?" என்றார் அம்மா.

"நானே போய்க் கேட்டா, நான் இல்லாதப்ப யாரும்மா கேப்பா?"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கொழும்பில் படித்தும் ஒரு கதிரையில் உட்காரத் தெரியவில்லையே என்று அம்மா அழுதார். எனக்கும் கோபம்தான்.

பிறகு நோய் வந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அக்கா கண்மூடினார். இறுதிக் கிரியைக்கு அக்காவின் கொழும்புச் சந்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வெளியூர்க் கூட்டம் வந்தால் அதன் தலைவர் முதல் மாலை போடுவது எங்கள் வழக்கம். "உங்கள்ல தலைவர் யாருங்க?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிங்களத்திலும் கேட்டேன். தலைவர் தனி வாகனத்தில் வருகிறார் போல என்று எண்ணி, பெட்டியைத் தூக்கவிடாமல் நிறுத்தி வைத்தேன். பூசாரி என்னைத் திட்டித் தீர்த்தார்.

கடைசியில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் என் தோளைத் தொட்டார். "தலைவர்ண்டு ஒருத்தரும் இல்ல தம்பி. அக்கா வைக்க விடல்ல."

பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. எல்லாருமாக ஒரே மாலையைப் பிடித்துப் போட்டார்கள். ஒரு சிங்களப் பெண் "அக்கே, அக்கே" என்று கதறியதைக் கேட்டு நானும் உடைந்து போனேன்.

தேநீர் கொடுக்கும்போது, "இனிமே கான் விசயத்த மாநகர சபையில யாருங்க பேசுவாங்க?" என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "யார்ட ஊட்டுக்குள்ள தண்ணி வருதோ, அவங்க" என்றார்.

எங்கள் தோட்டத்துத் தலைவர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர்ப் பேச்சும் அவரோடு போய்விட்டது. சென்ற மாதம் அம்மா அதே கதிரையை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முழங்கால் வலிக்குது. பீலி ஊத்துல இருந்து தண்ணி தூக்க முடியல" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "எந்திரிங்க, நானும் சொல்லணும்" என்றார். மறுநாள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள்.

"அம்மா, நீங்க தலைவியாகிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போடா, எனக்குத் தண்ணி வேணும்."

தண்ணீர் இன்னும் வரவில்லை. அவர்கள் போவதையும் நிறுத்தவில்லை.

நோயில் உடனிருந்தவர்கள், வைத்தியர்கள், தாதியர், பெட்டியைச் சுமந்தவர்கள், பஸ் பிடித்து வந்தவர்கள், காத்திருந்த பூசாரி ஐயா, எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சகத்தாரிடம் 'அக்கா' என்று மட்டும் போடச் சொன்னேன். "யாருக்கு அக்கா?" என்று கேட்டார்கள்.